புத்தகத்தில் ஒரு நம்பர், பிளாக்கில் ஒரு நம்பர்

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அக்காவும் உயிரோடு இருக்கிறோம். உங்கள் அப்பாவின் பழைய கார் அப்படி இல்லை. அங்கே நீங்களும் தங்கச்சியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு வீட்டிலாவது சௌக்கியம் இருக்கட்டும்.

அந்தக் கார் எஞ்சினை நான் ஏன் பிரித்தேன் என்று உங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு வயதில் அக்கா மாமாவிடம் கெஞ்சிக் கூத்தாடி முதல் தடவையாகக் காரைத் தனியாக எடுத்துப்போன அன்று, இரண்டாவது தெருமுனையிலேயே எஞ்சின் புகைந்து இறுகி நின்றுவிட்டது. மாமா அதைப் பழுதுபார்த்து இன்னும் சில வருடங்கள் ஓட்டினார். ஆனாலும் ‘என் கை பட்டுத்தான் அப்பா கார் கெட்டுச்சு’ என்ற நினைப்பு அவளை விட்டுப் போகவே இல்லை. அன்றிலிருந்து அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. நான் எந்தக் கார் ஓட்டினாலும் பின் இருக்கையில்தான் உட்காருவாள். இந்தக் காரை ஓட வைத்து, சாவியை அவள் கையில் கொடுத்து முன்னால் உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் ஓய்வுபெற்ற நாளிலிருந்து என் ஒரே ஆசை. அந்த ஆசை இப்போது சாப்பாட்டு மேஜைமேல் இருநூற்றுப் பதினேழு துண்டுகளாகக் கிடக்கிறது.

பிரிக்கும்போது பெரிய நிபுணன் மாதிரி ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதிக் கட்டினேன். பெயர் தெரிந்தவற்றுக்குப் பெயர் எழுதினேன். தெரியாதவற்றுக்கு ‘வளையம், பெரியது’, ‘வளையம், அதைவிடப் பெரியது’, ‘இது என்ன?’ என்று எழுதினேன். ‘இது என்ன?’ மட்டும் முப்பத்தொன்று இருக்கிறது. பிஸ்டன்கள் தேய்ந்திருந்தன. உதிரிபாகக் கடைக்காரர் எஞ்சின் நம்பர் கேட்டார், ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். லேத் பட்டறைக்காரர் எஞ்சின் பிளாக்கைத் துணியால் துடைத்துவிட்டு, “சார், இதுல வேற நம்பர் அடிச்சிருக்கே?” என்றார். முப்பத்தாறு வருடம் ஆவணப் பிரிவில் உட்கார்ந்து எழுந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? முத்திரை குத்திய காகிதத்தை நம்புவேனா, துருப்பிடித்த இரும்பை நம்புவேனா? “துரு ஏறினா நம்பரெல்லாம் அப்படித்தான் மாறும்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான்கு மாதம் கழித்துப் பிஸ்டன் வந்தது, சிலிண்டருக்குள் இறங்க மாட்டேன் என்றது. எஞ்சின் இடுக்கில் வைக்கும் கேஸ்கட் தகடு வந்தது, அதில் பத்துத் துளை, நம்முடையதில் பதினொன்று. சரி, ஒரு துளையை நானே போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால் மற்ற பத்தும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. பேரிங் கடல் தாண்டி வந்து சேர்ந்தது, அதுவும் பொருந்தவில்லை, திரும்ப அனுப்பவும் வழியில்லை. பழைய பிஸ்டனைச் சாம்பிளுக்குச் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு பழைய இரும்புக் கடைகளாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது கார் சாமானே இல்ல சார், ஏதோ வேனோடது” என்றார். என் மாமனார் காரையா வேன் என்கிறாய் என்று சண்டை போட்டுவிட்டு வந்துவிட்டேன். போதாததற்கு, குளிர்ந்தால் சுருங்கிச் சுலபமாக இறங்கும் என்று வால்வ் கைடு என்ற சின்ன உலோகக் குழாய்களை ஃப்ரீசரில் வைத்திருந்தேன். எதிர்வீட்டுக்காரர் வந்தபோது அக்கா அவசரத்தில் ஐஸ் என்று அதில் ஒன்றை ஜூஸில் போட்டுக் கொடுத்துவிட்டாள். அவருடைய பல் தப்பியது, எங்கள் நட்பு தப்பவில்லை.

இத்தனைக்கும் அவள் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை. நேற்று மேஜை ஓரத்தில் இரண்டு தட்டுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டே, “விட்டுடுங்க. நான் கெடுத்தது. யார் கை வெச்சாலும் சரியாகாது” என்றாள். மச்சான், இந்த எஞ்சின் இனி ஓடாது. அதை அவளிடம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அடுத்த வாரம் நீங்கள் வந்து, பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் என்றால் அவளுக்கு உயிர், தம்பி சொன்னால் தாங்கிக்கொள்வாள். நான் அந்த நேரம் காய்கறி வாங்கப் போய்விடுகிறேன்.

தங்கச்சிக்கு என் விசாரிப்புகள். குழந்தைகளுக்கு என் ஆசிகள். நன்றாகப் படிக்கட்டும், நீண்ட நாள் வாழட்டும், எதையும் பிரிக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
எல்லா நம்பிக்கையும் கழன்றுபோன
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது மாமா வந்தார். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தும், நான் எஞ்சினைப் பிரித்ததிலிருந்து இந்தப் பக்கமே தலைகாட்டாதவர். மேஜையைப் பார்த்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “மாப்ள, இது அந்த எஞ்சினே இல்ல. அது அன்னிக்கே போயிடுச்சு. யாருக்கும் தெரியாம ஒரு வேன் எஞ்சினைத் தூக்கி வெச்சேன்” என்றார். எதற்காக மறைத்தீர்கள் என்று கேட்டேன். அக்கா காரை எடுத்த அன்று காலையில், அப்பாவுக்கு உதவுகிறேன் பேர்வழி என்று எஞ்சின் ஆயிலை வடித்துவிட்டு, புதிது ஊற்றாமல் விளையாடப் போனது நீங்களாமே? ஆயில் வடியும் துளையை மூடும் போல்ட்டை உங்கள் சட்டைப் பையிலிருந்து மாமாவே எடுத்தாராம். “பையனுக்கு மறுநாள் பரீட்சை. முடிஞ்சதும் அவகிட்ட சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்படியே நாள் ஓடிப்போச்சு” என்றார். சமையலறை வாசலில் அக்கா நின்றிருந்ததை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

ஆகவே மேலே நான் கேட்டுக்கொண்ட எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். அவள் நேரே ஷெட்டுக்குப் போய், எஞ்சின் இல்லாத காரில் ஏறி, முன் இருக்கையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு கூப்பிட்டும் இறங்க மாட்டேன் என்கிறாள். “எஞ்சின் எதுக்கு? என் தம்பி வந்து தள்ளுவான்” என்கிறாள். உடனே புறப்பட்டு வரவும்.