ரசமட்டம் பாயும் மானேஜரின் ரைபிளும்

பூமி உருண்டையாக இருப்பதை ரசமட்டம் பாய் கடைசிவரை மன்னிக்கவே இல்லை. அது ஒன்றைத் தவிர, கைக்கு எட்டிய அத்தனையையும் நேராக்கிப் பார்த்துவிட்டார் மனிதர்.

ஐம்பதுகளில் வாலிநோக்கத்துக்குப் பக்கத்தில் ஓர் உப்பளத்தில் நான் தபால் குமாஸ்தா. பாய் அங்கே ஃபிட்டர். பம்பு எஞ்சினைக் கவனிப்பதும், உப்புப் பாத்திகள் மட்டமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதும் அவர் வேலை. அதனால் ரசமட்டம், அதாவது கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி ஓடுமே, அந்தக் கருவி, எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். வேலை நேரத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டீக்கடை பெஞ்சில் வைத்துப் பார்ப்பார். கல்யாண மேடையில், மாப்பிள்ளை உட்காரும் முன் வைத்துப் பார்ப்பார். ஒரு முறை சாயல்குடிக்குப் பல் பிடுங்கப் போனவர், டாக்டரின் நாற்காலி இடது பக்கம் சாய்கிறது என்று இறங்கி, காலுக்கு அட்டை கொடுத்துச் சரிசெய்துவிட்டு, அந்தச் சந்தோஷத்தில் பல்லோடு திரும்பி வந்துவிட்டார்.

எங்கள் மானேஜருக்கு ஒரே ஓர் ஆசை உண்டு. ராமநாதபுரத்தில் வருஷா வருஷம் நடக்கும் ரைபிள் போட்டியில் முந்நூறு கஜக் கோப்பையை வாங்கிவிட வேண்டும். மூன்று வருஷமாக அதைச் சிவகங்கைப் பக்கத்து மிராசுதார் ஒருவர்தான் வாங்கிக்கொண்டு போனார். மூன்றாவது வருஷம் மிராசுதார் ரைபிளின்மேல் தொலைநோக்குக் குழாய் ஒன்றைப் பூட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து மானேஜருக்குச் சோறு இறங்கவில்லை. யுத்த காலத்தில் பட்டாளத்துத் துப்பாக்கிகளைப் பழுது பார்த்தவர் பாய் என்பதால், அவரைக் கூப்பிட்டார்.

“பாய், நமக்கும் ஒரு ஸ்கோப் வேணும். மெட்ராஸ் கடைக்காரன் விலைப் புஸ்தகம் அனுப்பிருக்கான். பத்து மடங்கு பெருசாக் காட்டுறது இருக்காம். அதையே எழுதிப் போட்டுரலாமா?”

“நாலு மடங்கு போதும்யா.”

“மிராசுதாரோடது ஆறு மடங்குய்யா! அவனைவிடக் கம்மியா வாங்கச் சொல்றீரா?”

பாய் என்னைப் பார்த்து, “தம்பி, அந்தக் கடைசி வரப்புல போயி கொஞ்சம் நில்லுங்க” என்றார். உச்சி வெயில். உப்பு வெள்ளை கண்ணைக் குத்தியது. குடையைப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். பாய் எங்கேயோ இரவல் வாங்கிய கப்பல் டெலஸ்கோப்பை மானேஜர் கையில் கொடுத்தார். பிறகு நடந்ததைப் பக்கத்தில் நின்று கேட்டவர்கள் எனக்குச் சொன்னார்கள்.

“யாருய்யா அது, மூணு தலையோட?”

“நம்ம குமாஸ்தாத் தம்பிதான்யா.”

“இடுப்புக்குக் கீழ ஆளையே காணோமேய்யா! தண்ணிக்குள்ள நிக்கானா?”

“அது கானல்யா. குழாய் பத்து மடங்கு காட்டுனா கானலையும் பத்து மடங்கு காட்டும். மூணு தலையில எந்தத் தலையச் சுடுவீக?”

நாலு மடங்குக்கே எழுதிப் போட்டார்கள். உதாரணத்துக்கு என் தலையை விட்டு வேறு எதையாவது எடுத்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் தோன்றும்.

பார்சல் வந்ததும் பாய் ஆளே மாறிப்போனார். பம்பு அறை வாசலில் மேஜையைப் போட்டு, ரைபிளை மணல் மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்து, ரசமட்டத்தை அதன் முதுகில் வைத்தார். எதிரே கொத்தனாரின் தூக்குக்குண்டு நூலில் தொங்கியது. குழாய்க்குள் சிலுவைபோல இரண்டு கோடுகள் தெரியும் அல்லவா, அதில் நிற்கும் கோடு அந்த நூலோடு ஒட்டி நிற்க வேண்டுமாம். நூல் காற்றில் ஆடியது. காற்றை மறைக்க நாலு பேர் வேட்டியை விரித்துப் பிடித்து நின்றோம். வேலை போட்டது போட்டபடி கிடந்தது. மானேஜரே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் யாரும் யாரையும் கேட்கவில்லை.

அடுத்து, துப்பாக்கிக் குழலும் தொலைநோக்குக் குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். ரைபிளின் பின்பக்கம் தோட்டாவைத் தள்ளி அடைக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டால் குழலுக்குள்ளே கண்ணை வைத்துத் தூரத்தைப் பார்க்கலாம். பாய் தேர்ந்தெடுத்த குறி, தூரத்துப் பனையில் கட்டியிருந்த பதநீர்க் கலயம். அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலயத்துக்குப் பின்னாலிருந்து மரமேறியின் தலை எழும்பியது. அவன் பார்த்தது தன்னை நோக்கி நிற்கும் ஒரு துப்பாக்கியை. அவன் போட்ட கூச்சலில் உப்பளமே வேலையை நிறுத்தியது.

பாய் மரத்தடிக்கு ஓடினார். “ஏலே, பயப்படாத! இங்கன பாரு, போல்ட்டு என் கையில இருக்கு. அது வெறும் இரும்புக் குழாய்லே!”

“கையில இருக்கிறதால சுட்டா?”

“இதால சுட முடியாதுலே! எறங்கு!”

“நீரு ஊருக்குப் போனப்புறம் எறங்குதேன்.”

பாய் இரண்டு மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்து போல்ட்டின் ஒவ்வொரு பாகத்தையும் விளக்கினார். மேலே இருந்தவன் ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ கொட்டினான். இறங்கும்போது அவனுக்குத் துப்பாக்கி ரிப்பேர் பாதி தெரிந்திருந்தது.

சுடும் அதிர்ச்சியில் திருகுகள் தளரக் கூடாது என்று அவற்றின் தலையில் அரக்கு ஊற்றினார் பாய். அந்த அரக்கு என் பொறுப்பில் இருந்தது. தபால் முத்திரைக்கானது. ஒரு வாரம் எங்கள் ஆபீஸ் கடிதங்கள் சோற்றுப் பசையில் ஒட்டிப் போயின.

இவ்வளவும் செய்து, “கண்ணுக்கும் குழாய்க்கும் நடுவுல நாலு விரக்கடை இருக்கணும்யா, சுட்டா உதைக்கும்” என்று படித்துப் படித்துச் சொன்னார். மானேஜர் கேட்கவில்லை. இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று ஆசையாகக் கண்ணைக் கிட்டே கொண்டுபோய் விசையை இழுத்தார். குழாயின் விளிம்பு புருவத்தில் பிறை நிலா ஒன்றை வரைந்தது. கதவு நிலையில் இடித்துக்கொண்டதாக வீட்டில் சொன்னார். நலம் விசாரிக்கப் போன பாய், மானேஜர் வீட்டு அம்மாளிடம் உண்மையில் நடந்ததை, நாலு விரலையும் நெற்றியில் வைத்துக்காட்டி, முழுவதும் விளக்கிவிட்டு வந்தார்.

போட்டி நாள் வந்தது. ஊருக்கு வெளியே வறண்ட கண்மாய். கரைமேல் குறி அட்டைகள். ஆளுக்கு இரண்டு சுற்று, சுற்றுக்கு ஐந்து குண்டு. முதல் சுற்று முடிந்தபோது எங்கள் மானேஜர் நாலு புள்ளி முன்னால். மிராசுதாரின் குண்டுகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல வலது பக்கமாகவே போய்க்கொண்டிருந்தன. அவர் தோட்டாவைத் திட்டினார், காற்றைத் திட்டினார், பக்கத்தில் நின்ற தன் காரியஸ்தரையும் திட்டினார். மானேஜர் இளநீர் குடித்துக்கொண்டு, கோப்பையை ஆபீஸில் எந்த அலமாரியில் வைப்பது என்று என்னோடு ஆலோசித்தார்.

திரும்பிப் பார்த்தேன். பாயைக் காணோம்.

அவர் மிராசுதாரின் ரைபிள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சாப்பாட்டைக் கண்ட பசிக்காரன் முகம்.

“ஐயா, கோவிச்சுக்கிறாதீக. உங்க குழாய் சாஞ்சுருக்கு.”

“என்னது?”

“குழாய், அதப் பிடிச்சிருக்கிற வளையத்துக்குள்ள திரும்பிப் போச்சு. உள்ள தெரியுற கோட்டை நேராப் பிடிக்கிறோம்னு நீங்க துப்பாக்கிய சாய்க்கிறீக. கிட்டக்க தெரியாது, முந்நூறு கஜத்துல வெலகிப்போகும். ஒரு திருகும் ஆடுது.”

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். “பாய், என்ன காரியம் பண்ணுறீங்க? வாங்க!”

“பாத்துட்டேனே தம்பி” என்றார் பாய். கண்ணில் தண்ணீர் வந்துவிடும்போல இருந்தது. “பாக்காம இருந்திருந்தா ஒண்ணுமில்ல. பாத்துட்டு எப்படிப் போறது?”

இடைவேளை அரை மணி. அவருக்குக் கால் மணி போதுமாக இருந்தது. சோதனைக் குண்டு இரண்டு அனுமதி உண்டு. இரண்டாவது நடுவில் போய் விழுந்தது. மானேஜர் கையில் இளநீர் அப்படியே நின்றது.

மிராசுதார் ஒரு புள்ளியில் ஜெயித்தார்.

திரும்பி வரும் ஜீப்பில் பாய் பின்னால், ஒரு குற்றவாளியைப்போலக் கால்களை ஒடுக்கி உட்கார்ந்திருந்தார். மறுநாள் முதல் மானேஜர் அவரோடு பேசுவதை நிறுத்தினார். மூன்றடி தள்ளி நின்றாலும் எல்லாம் என் வழியாகத்தான்.

“பம்பு ஏன் ஓடலைன்னு அந்த ஆளைக் கேளுய்யா.”

“பெல்ட்டு அறுந்துருச்சுன்னு ஐயாகிட்ட சொல்லுங்க தம்பி.”

“எப்ப சரியாகுமாம்?”

“சாயங்காலத்துக்குள்ளன்னு சொல்லுங்க.”

சொல்ல வேண்டியதில்லை, இருவருக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் சொன்னேன். பத்து நாள் இப்படி. பாய் டீக்கடைக்குப் போய்ப் பெஞ்சைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்தார். ஊரே பயந்துபோயிற்று. வேலையை விட்டுவிடுவதாக ஒரு கடிதம் எழுதி, திருத்தித் தரச்சொல்லி என்னிடம் கொடுத்தார். என் மேஜைக்குள் போட்டுப் பூட்டினேன்.

பதினோராம் நாள் உச்சி வேளையில், மிராசுதாரின் கார் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. பாயைத் தேடித்தான் வந்திருந்தார்.

“எங்க ஊருக்கு வந்துருங்க பாய். ரைஸ் மில் இருக்கு, வீடு தாரேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எதிராளி துப்பாக்கியை எதுக்குச் சரிபண்ணுனீங்க?”

பாய் தலையைச் சொறிந்தார். “கோணக் குழாயோட நிக்கிற ஆள ஜெயிச்சா, அது எங்க ஐயாவுக்கு ஒரு ஜெயமாய்யா? அவுக கை நல்ல கை. நேரா நிக்கிற ஆளையே ஜெயிப்பாக. அடுத்த வருசம் பாருங்க. இதை விட்டுட்டு நான் எங்கன வாரது?”

ஜன்னலுக்கு உள்ளே மானேஜர் நின்றுகொண்டிருந்தார். வெகு நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு வெளியே வந்து, பத்து நாளுக்குப் பிறகு நேராக அவரைப் பார்த்துக் கத்தினார்.

“பாய்! வந்த மனுஷனை வெயில்ல நிப்பாட்டி என்னய்யா பேச்சு? ரெண்டு பேரும் உள்ள வாங்க!”

என்னைத் தனியே இழுத்து, “அந்த ஆளு பத்து நாளாச் சரியாச் சாப்பிடலையாமே? வீட்டுல போயி எல்லாருக்கும் இலை போடச் சொல்லு” என்றார்.

நான் போய்ச் சேர்வதற்குள் காரைப் பார்த்த அந்த அம்மாள் நாலு இலை போட்டிருந்தார். சாப்பிட உட்கார்ந்தபோது கவனித்தேன். எங்களுக்கெல்லாம் ஒரு துண்டு மீன். பாயின் இலையில் மட்டும் இரண்டு. எனக்கு அன்றைக்குப் பொறாமையே வரவில்லை.