மட்டமான மேற்பார்வையாளர்

கட்டடத் தொழிலில் நிர்வாகப் பதவி அடைய அரசாங்கம் மூன்று வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று, டிப்ளமா படிப்பு. இரண்டு, பதினைந்து வருஷ அனுபவமும் அதற்கு ஒரு சான்றிதழும். மூன்றாவது வழி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுவதில்லை; அது அதிகாரியின் வீட்டுக் கொல்லைப்புறமாகப் போகும்.

1987இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசுக் கட்டட அலுவலகம் பணி மேற்பார்வையாளர் ஒருவரைத் தேடியது. ராஜபாளையத்துக் கொத்தனார் இருளப்பசாமி இரண்டாவது வழியில் புறப்பட்டான். சாரத்திலிருந்து விழுந்ததில் அவன் முட்டி போய்விட்டது. இனி மேலே ஏற முடியாது. கீழே நின்று வேலை வாங்கும் பதவி கிடைத்தால்தான் பிழைப்பு. காண்டிராக்டர் வைகுண்டராஜ் மனசார எழுதிக் கொடுத்தார்: ‘இவர் போட்ட தளங்கள் எல்லாம் மிகவும் மட்டமானவை.’

அலுவலகக் கண்காணிப்பாளர் ஐயாதுரை அதை இரண்டு முறை படித்தார்.

“ஏம்ப்பா, உன் வேலை மட்டம்னு உன் முதலாளியே எழுதியிருக்காரே?”

“ஆமா சார். ரசமட்டம் வச்சுப் பாருங்க, குமிழி நடுவுல அசையாம நிக்கும்.”

“இதுல பெருமை வேறயா?”

“இருபது வருஷத்துல ஒரு தளம்கூட மட்டமில்லாமப் போனதில்ல சார்.”

இந்த ஒப்புதல் வாக்குமூலத்தை ஐயாதுரை கோப்பில் பதிவு செய்தார். ‘மட்டமில்லை’ என்று மறுசான்றிதழ் கொண்டுவர ஏழு நாள் கெடு கொடுத்தார்.

வைகுண்டராஜ் பதறிப்போனார். “ஏலே, உன் தளம் மட்டமில்லைன்னு நான் கையெழுத்துப் போட்டா, பொறவு எவன்லே எனக்கு வீடு கட்டக் குடுப்பான்?”

விவகாரம் எங்கள் கட்டடத் தொழிலாளர் சங்கத்துக்கு வந்தது. விடுவோமா? மூன்று நாள் அலுவலக வாசலில் மறியல். முழக்கம் நானே எழுதியது: “மட்டமானவருக்கே பதவி கொடு!” தேரடி வரைக்கும் கேட்டது.

நான்காம் நாள் அதிகாரம் பணிந்தது. ஐயாதுரை எழுந்து நின்று ஆணையை வாசித்தார்: ‘தொழிலாளர் பெருமக்களின் நியாயமான கோரிக்கை ஏற்கப்பட்டு, விண்ணப்பித்தோரில் ஆக மட்டமானவர் எவர் என்பது தீர ஆராயப்பட்டது. திரு. இருளப்பசாமியின் மட்டத்துக்குக் காகித ஆதாரம் மட்டுமே உள்ளது. திரு. பொன்னுராஜ் கட்டிய பயணியர் நிழற்குடையோ முதல் மழையிலேயே இடிந்து விழுந்ததை ஊரே கண்டிருக்கிறது. எனவே அன்னார் நியமிக்கப்படுகிறார்.’

பொன்னுராஜ், ஐயாதுரையின் மச்சினன்.

ஆணையில் குறை சொல்ல எங்களுக்கு ஓர் எழுத்துகூட அகப்படவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது. ‘மகத்தான வெற்றி’ என்று துண்டறிக்கை அடித்தோம். பொன்னுராஜுக்கு மாலை போட்டோம்.

இருளப்பசாமி நொண்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்தான்.

“அண்ணாச்சி, இப்ப செயிச்சது யாரு?”

“சங்கம்.”

“அப்ப நான்?”

“நீயும் சங்கந்தானலே. கை தட்டு.”

தட்டினான்.