நட்டு நட்டாகக் கழற்றிய ஷெட்

"ஏம்மா செந்தாமரை, என் ரூம் எங்க?"

ஒரகடத்தில் அந்தப் பழைய கம்பெனி ஷெட்டின் முன்னால் மேனேஜர் சண்முகசுந்தரம் வெயிலில் நின்றார். அவருக்கு மிச்சமிருந்தது நாற்காலி மட்டும்தான்.

"கழட்டியாச்சு சார். கண்ணாடி ஒடையாம எடுக்கணும்னா ஆபீஸ் ரூம்தான் மொதல்ல. கம்ப்யூட்டரு சொல்லிச்சு."

எதை எப்போது கழற்றினால் எது உடையாது, கழற்றியதை யார் வாங்குவார் என்று கட்டடத்தின் ஜாதகத்தையே கணித்துச் சொல்லும் மென்பொருள் அது. ஷெட்டைக் கழற்றும் பொறுப்பிலிருந்த செந்தாமரைக்கு அதுதான் குலதெய்வம்.

"நெலத்த வித்தாச்சு, வாங்குன கம்பெனிக்காரவ காலி மனையாக் கேக்குதாவ. ஜேசிபி விட்டா ஒரே நாள்ல சோலி முடிஞ்சிருக்கும்!"

"ஒடைக்கறதுக்கு மூளை எதுக்கு சார்? ஒரு நட்டு வீணாப் போனாலும் நான் வேலைய வுட்டுட்டுப் போறேன்!"

வாயை விட்டாயிற்று. இனி முன்வைத்த காலைப் பின்வைப்பதாவது!

மேனேஜரின் நாற்காலியைக் கூரை நிழலுக்கு நகர்த்தினாள். மறுநாள் கூரைத் தகட்டின் முறை வந்தது. கழிப்பறைச் சுவரோரம் நகர்த்தினாள். அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் கழிப்பறையும் போனது. அவசரத்துக்கு ஆட்கள் பக்கத்துக் கம்பெனிக்கு ஓட, அங்கிருந்த செக்யூரிட்டி கேட்டையே இழுத்துப் பூட்டிவிட்டார்.

சண்முகசுந்தரம் கொதித்துப்போனார். "இத எவன் வாங்குவான்? நாளைக்குள்ள ஆள் வரலன்னா எல்லாம் காயலான் கடைக்கு. நீயும் வீட்டுக்கு!"

"வாங்க வெச்சுக் காட்றேன் சார்!"

லாரிச் செலவைக் காட்டி அவர் அதற்கும் முட்டுக்கட்டை போடுவார் என்று, கிட்டத்திலேயே ஆள் தேடச் சொல்லி மென்பொருளை முடுக்கினாள். ஆணி முதல் தூண் வரை மொத்தமாக எடுத்துக்கொள்ள ஒரு கம்பெனி சிக்கியது. ஆர்டரும் வந்தது. அட, நம்ம குலதெய்வம் கைவிடவில்லை!

"பாத்தீங்களா சார்?"

சண்முகசுந்தரம் தன் நாற்காலியைத் தானே நகர்த்திக்கொண்டார்.

கடைசித் தூணும் லாரியில் ஏறியபோது தரை துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. ஆட்கள் விசிலடித்தார்கள். செந்தாமரை இடுப்பில் கைவைத்து நின்றாள். இந்த ஒரகடத்தில் இனி அவளை எவன் கேள்வி கேட்பான்?

லாரி மட்டும் நகரவில்லை. டிரைவர் லோகேஷ் ஆர்டர் கொடுத்த கம்பெனியிடம் போனில் வழி கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இன்னாண்ணே, கெளம்பல?"

"எங்கம்மா கெளம்பறது? இந்த எடத்த வாங்குன கம்பெனியேதான் ஷெட்டையும் வாங்கிக்கீது. இங்கியே எறக்கி, இருந்த மாதிரியே நிக்க வெக்கணுமாம்!"