டௌவே வேலை தேடுகிறார்

ஆல்டேசைல், ஃப்ரீஸ்லாந்து
ஏப்ரல் 14

அன்புள்ள மகன் யெல்லேவுக்கு,

அம்மா ஹிஸ்கே எழுதிக்கொள்வது. இங்கே நானும் பூனையும் சுகம். ஆஸ்லோவில் நீயும் மருமகள் சில்யேவும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ முதல் வரியிலேயே சிரிக்கத் தொடங்கிவிடுவாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் கடிதம். நடுவில் சிரித்தாலும் கடைசிவரை படி.

நான் வேலை பார்த்த பாலாடைக்கட்டித் தொழிற்சாலையை ஜனவரியில் மூடியபோது நீ என்னிடம் ஒரு வாக்கு வாங்கினாய். மே மாதத்துக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு உன் வீட்டு மாடியறைக்கு வந்துவிட வேண்டும் என்று. நவம்பரில் அப்பா போன துக்கத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். மாடியறை நல்ல அறைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருத்தரும் இல்லை. எனக்கு வேண்டியதெல்லாம் காலையில் எழுந்து, தலைவாரி, யாரோ எனக்காகக் காத்திருக்கிற ஓர் இடத்துக்குப் போவது. அவ்வளவுதான்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எனக்கு வாய்த்த அம்மாள் நம் ஃப்ரீஸ்லாந்துக்காரர் இல்லை, ஹாலந்துப் பக்கத்துக்காரர். நல்லவர், ஆனால் வேகமாகப் பேசுவார். "இப்பல்லாம் யாரும் கடுதாசி போட்டு வேலை தேடறதில்ல ஹிஸ்கே அம்மா, வேலை வலைத்தளத்துல பேரைப் போடுங்க, நாலு பேரோட தொடர்பு வச்சுக்கோங்க. உங்களைப் பத்தித் தெரிஞ்சவங்ககிட்ட ரெண்டு நல்ல வரி எழுதி வாங்கிட்டு வாங்க, முதல்ல நான் பாக்கறேன்" என்றார். எதிர்வீட்டு கெர்பனிடம் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடி போட்டு, அரை மணி நேரம் யோசித்து, 'ஹிஸ்கே இதைவிட மோசமாக இருந்திருக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நம் ஊரில் இதற்குமேல் யாரும் யாரையும் புகழ்வதில்லை, படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் கொண்டுபோய்க் காட்டினால் அந்த அம்மாள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "யாரு இந்த ஆளு? உங்க மேல என்ன கோபம்?" என்றார். "கோபமா? என் கல்யாணத்தன்னிக்கு எங்க மாமியார்கூட இவ்வளவு புகழ்ந்து பேசலையே" என்றேன். அதை இன்னொருமுறை படித்தார். பிறகு, "இதை வலைத்தளத்துல போட வேண்டாம்" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். ஹாலந்துக்காரர்களுக்குப் புகழ்ச்சி என்றால் என்ன என்றே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவின் மடிக்கணினியைத் திறந்தேன். வலைத்தளம் உடனே திறந்துகொண்டது. மேலே அப்பாவின் படம், பக்கத்தில் டௌவே என்று அவர் பெயர். நான் என்ன நினைத்தேன் என்றால், கணினி அவருடையது, அதனால் அவர் பெயரைக் காட்டுகிறது, வீட்டு வாசலில் இன்னும் அவர் பெயர்ப்பலகை தொங்கவில்லையா, அதுபோல. உண்மையைச் சொன்னால், வேலை தேடும்போது அவர் பக்கத்தில் இருப்பது எனக்குப் பிடித்தும் இருந்தது. 'வேலை தேடுகிறேன்' என்ற இடத்தை அமுக்கினேன். படத்தைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம் வந்தது, அழகாக இருந்தது. அனுபவம் என்ற இடத்தில் ஏற்கெனவே 'பால் குளிரூட்டும் தொட்டி பழுதுபார்த்தல், முப்பது வருடம்' என்று இருந்தது. அதன் கீழே 'பாலாடைக்கட்டிக்கு உறை போடுதல், இருபத்திரண்டு வருடம்' என்று சேர்த்தேன். ஆக, அறுபத்தொரு வயதில் செத்துப்போன உன் அப்பாவுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வருட அனுபவம்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த வலைத்தளம் தினமும் ஒரு செய்தி சொல்கிறது. இன்னாருக்குப் புதுப் பதவி, வாழ்த்துச் சொல்லுங்கள் என்று. ஃப்ரௌக்யே என்று ஒரு பெண், பால் தொட்டி விற்று, பழுதும் பார்க்கிற ஒரு கம்பெனியில் மேலாளர் ஆகியிருந்தாள். வாழ்த்தினேன். அவளை மட்டும் வாழ்த்திவிட்டு நிறுத்தலாமா, நீயே சொல். பிறந்தநாள் வீட்டுக்குள் நுழைந்து பிறந்தநாள்காரிக்கு மட்டும் கைகொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கேக் தின்கிறவளை இந்த ஊரில் யார் மதிப்பார்கள்? வட்டமாக உட்கார்ந்திருக்கிற அத்தை, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர், ஒருவர் விடாமல் கைகொடுத்து வாழ்த்தப் பழக்கித்தானே உன்னை வளர்த்தேன். அப்படியே செய்தேன். 'ஃப்ரௌக்யேயின் பதவிக்காக உங்களுக்கு வாழ்த்துகள்' என்று அவள் முதலாளிக்கு, அவளோடு வேலை செய்கிறவர்களுக்கு, அவள் தம்பிக்கு, அவளோடு படித்தவர்களுக்கு. முடித்தபோது அறுபத்தொன்பது பேர். விரல் வலித்தது. ஆனால் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை கெர்பன் செருப்புகூடப் போடாமல் தெருவைக் கடந்து ஓடி வந்தார். கையில் போன்.

"ஹிஸ்கே! டௌவே வேலை தேடறானாம்!"

"என்ன உளர்றீங்க கெர்பன்?"

"நானா உளர்றேன்? பச்சை வளையம் போட்டுருக்கான் பாரு. என் மச்சானுக்கு வாழ்த்து அனுப்பிருக்கான். அவன் சவப்பெட்டியைத் தூக்கிட்டு சர்ச்சை மூணு சுத்து சுத்தினது நாங்க ஆறு பேரு. இந்தத் தோள்பட்டை இன்னும் சரியாகலை. இவன் என்னடான்னா வேலைக்குப் போறேங்கறான்!"

வாங்கிப் பார்த்தேன். நான் எழுதியது எல்லாம் அவர் பெயரில் போயிருந்தது. கீழே அவருக்கு வந்த பதில்களைப் பார்க்க வேண்டும். இறந்தது தெரியாதவர்கள் 'நல்வாழ்த்துகள் டௌவே, சீக்கிரம் கிடைக்கும்' என்று போட்டிருந்தார்கள். தெரிந்த ஒருவர், 'டௌவே, அங்கேயும் சும்மா இருக்க முடியவில்லையா?' என்று கேட்டிருந்தார். முதலில் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். பிறகு எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. நவம்பரிலிருந்து இந்தச் சமையலறையில் யாரும் சிரித்ததில்லை யெல்லே. கெர்பனும் சிரித்தார், பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டார், பிறகு காபி கேட்டார்.

காபி ஆறுவதற்குள் போன் அடித்தது. அந்த ஃப்ரௌக்யே.

"செத்துப்போனவர் வாழ்த்து அனுப்பினா நான் என்ன பதில் போடறதுன்னு தெரியல. அதான் கூப்பிட்டேன்" என்றாள்.

"மன்னிச்சுக்கம்மா, நான் அவர் சம்சாரம். இந்த மிஷின் எனக்குப் புரியலை."

அவள் சட்டென்று கேட்டாள்: "இந்தக் குரலு... விடியக்காலம் போன் எடுக்கறது நீங்கதானே? நான் சின்னப் பொண்ணா இருக்கையில பண்ணையில தொட்டி கெட்டுப்போனா எங்கப்பா போன்ல 'கொர்ர்ர்-டக், கொர்ர்ர்-டக்'னு அது மாதிரி சத்தம் போடுவாரு. நீங்க இந்தப் பக்கம் கேட்டுட்டு, 'பெல்ட்டு போச்சு, டௌவே எட்டு மணிக்கு வருவார்'னு சொல்லுவீங்க. ஒருநாளும் தப்பினதில்ல."

அது உண்மைதான். அப்பா குளித்துக்கொண்டிருப்பார், நான்தான் கேட்டு எழுதிவைப்பேன். அதை ஒரு வேலை என்று நான் நினைத்ததே இல்லை, அனுபவம் என்ற இடத்தில் எழுதவும் தோன்றவில்லை. அவள் சொன்னாள்: "இப்ப எங்க ஆபீஸ்ல போன் எடுக்கறவன் தொட்டியோட வரிசை எண் என்னன்னு கேக்கறான். விவசாயிங்க திட்டிட்டு வச்சுடறாங்க. செவ்வாய்க்கிழமை வாங்க."

போனேன். மூன்று மெக்கானிக்குகளை வரிசையாக உட்காரவைத்து என்னைத் திரும்பி உட்காரச் சொன்னார்கள். ஒவ்வொருவராகக் கெட்டுப்போன தொட்டிபோல் சத்தம் எழுப்பினார்கள், எது கெட்டது என்று நான் சொல்ல வேண்டும். முதலாவது விசிறி. இரண்டாவது பால் கலக்கும் துடுப்பு. மூன்றாவது ஆள் எழுப்பியதைக் கேட்டுவிட்டு, "இது தொட்டி இல்ல தம்பி, உங்க நெஞ்சு. போய் டாக்டரைப் பாருங்க" என்றேன். பாவம், அவர் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையாம், சும்மா மூச்சு விட்டாராம். நேற்று மருத்துவர் நெஞ்சுச்சளி என்று மருந்து கொடுத்திருக்கிறார். வருகிற திங்கள்கிழமை காலை ஆறு மணிக்கு வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே மகனே, மாடியறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. இன்னும் ஓர் உதவி மட்டும் செய். அந்த வலைத்தளத்தில் அப்பாவின் கணக்கை அங்கிருந்தபடியே மூடிவிடு. மனுஷன் ஓய்வெடுக்கட்டும். நானும் இனி அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதாக இல்லை. கணினியைத் துணிபோட்டு மூடி அலமாரி மேல் வைத்துவிட்டேன்.

சில்யேவுக்கு என் அன்பு. குளிரில் தலைக்குத் தொப்பி போடச் சொல், நீயும் போடு. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் சாப்பாட்டுக்கு முன் சமாதானமாகி, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா

பின்குறிப்பு: கணக்கை மூடிவிடாதே! தபால்பெட்டிக்குக் கிளம்புமுன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கணினியை இறக்கினேன். ஹார்லிங்கன் பக்கம் மின்னே என்று ஒரு கிழவர், அப்பாவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். 'டௌவே, நீ வேலை தேடுவதை இப்போதுதான் பார்த்தேன். என்னிடம் வேலை இல்லை. ஆனால் போன கோடையில் நீ தொட்டி பார்க்க வந்தபோது உன் ரொட்டி டப்பாவை என் மாட்டுக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போய்விட்டாய், மூடியில் பெயர் எழுதியிருக்கிறது, வந்து எடுத்துக்கொள்' என்று. மூடியில் இருப்பது என் கையெழுத்து. அந்த டப்பாவைத் தொலைத்ததற்காக அப்பாவை ஒரு வாரம் திட்டினேன். சனிக்கிழமை பஸ் பிடித்துப் போகிறேன். அந்த மனுஷன் இன்னும் எந்தெந்தக் கொட்டகையில் எதை எதை வைத்துவிட்டு வந்திருக்கிறாரோ, யாருக்குத் தெரியும்? பச்சை வளையம் அப்படியே இருக்கட்டும்.