உட்துறைமுக வீதியில் மாப்பிள்ளை வீட்டார்

“அப்பா, அந்த மானுக்குக்கூட எங்களைவிடப் புத்தி. மரத்துக்குக் கீழ நிக்குது,” என்றான் இராகுலன்.

ஊருக்குள் திரியும் அந்தப் புள்ளிமான் மதிலோர மரத்தடியில் அதிகம் நனையவில்லை. அருளம்பலம் குடும்பம்தான் தொப்பலாக நனைந்திருந்தது. வவுனியாவிலிருந்து கடல் பார்க்க வந்தவர்கள். மழையால் நிலாவெளிக் கடலில் படகு ஓடாதாம். “துறைமுகத்தையாவது பார்ப்பம்” என்று குடையில்லாமல் இழுத்து வந்தவர் அருளம்பலம். மனைவி கமலேஸ்வரி அவரோடு கதைப்பதையே நிறுத்திவிட்டார்.

மழை இன்னும் வலுத்ததும் ஒரு வீட்டு வாசலுக்குள் பாய்ந்தார்கள். கதவு உடனே திறந்தது.

“வாங்கோ, வாங்கோ! மாப்பிள்ளை வீட்டாக்கள் வெளியில நிக்கலாமோ?” பட்டு வேட்டியோடு நின்றார் வீட்டுக்காரர் தனஞ்சயன்.

“ஐயா, நாங்கள் மழைக்கு...”

“மழை நல்ல சகுனம்! முதல்ல துவாயைப் பிடியுங்கோ. தம்பிக்கு இன்னும் கலியாணம் ஆகேல்லைத்தானே?”

“இல்லை,” என்றார் கமலேஸ்வரி, தலையைத் துவட்டிக்கொண்டே. கதிரையிலும் உட்கார்ந்தாயிற்று. தட்டில் பற்றிஸ், உழுந்து வடை, பயித்தம் பணியாரம். இராகுலனின் வாயில் ஏற்கெனவே ஒரு வடை.

“எழும்படா. பொம்பிளை பார்க்க வாற ஆக்களெண்டு எங்களை நினைச்சிட்டினம்,” என்று காதைக் கடித்தார் அருளம்பலம்.

“சாப்பிட்டிட்டு எழும்புவம், அப்பா.”

அதற்குள் தனஞ்சயனின் மகள் லக்சனா தேநீரோடு வந்தாள். இத்தனை காலமாக எந்தப் பெண்ணின் படத்தையும் நிமிர்ந்து பாராத இராகுலன் மெல்லுவதையே மறந்து பார்த்தான். அருளம்பலம் வாசலை எட்டிப் பார்த்தார். உண்மையான மாப்பிள்ளை வீட்டார் எந்த நேரமும் வந்திறங்கலாம். ஒரு பிள்ளையின் சம்பந்தம் தன்னால் குழம்புவதா? தங்களைப் பிடிக்காமல் போனால் இவர்களே அனுப்பிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார்.

“மகனுக்குக் கோபம் கூட,” என்றார்.

“எங்கட பிள்ளைக்கும் அதுதான். ஆளுக்காள் பயமிருக்கும்.”

“தண்ணி கொதிக்க வைக்கவும் தெரியாது.”

“லக்சனா நல்லாச் சமைப்பாள். சாப்பிட ஆள்தான் இல்லை.”

“குறட்டை விடுவான்!”

“அப்பா!” என்று இராகுலன் கத்த, லக்சனா சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். பிறகு இருவரும் யன்னலடியில் நின்று கதைக்கத் தொடங்கினார்கள். குசினிக்குள் போன கமலேஸ்வரியோ, அடுப்படியில் நின்ற லக்சனாவின் தாயிடம் மகனின் நட்சத்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே ஆட்டோச் சத்தம். அருளம்பலம் துள்ளி எழுந்தார். ஆட்டோ நிற்காமல் போய்விட்டது. மகன் இப்படிச் சிரித்துப் பேசி எவ்வளவு காலம்! இது நிசமாகவே இருக்கக்கூடாதா என்று ஏங்கினார். அப்படி ஏங்கியதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார். அதற்கு எவ்வளவு நேரம் மிச்சமிருக்கிறது என்று தெரியவேண்டுமே? வாசலில் மழைத்தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருந்த லக்சனாவின் தங்கை நிவேதிகாவிடம் போனார்.

“பிள்ளை, பொம்பிளை பார்க்க வாற ஆக்கள் எத்தினை மணிக்கு வருவினமாம்?”

“அவையள் மழையெண்டு வரேல்லையாம், கொஞ்சம் முந்தித்தான் போன் எடுத்துச் சொன்னவை, பிறகு அம்மாதான் நீங்கள் நனையிறதை யன்னலால பார்த்திட்டு, ‘அந்த உயரமான பொடியனையெண்டாலும் கூப்பிடுங்கோ’ எண்டு அப்பாவை வாசலுக்குக் கலைச்சவ.”