தட்டு கழுவும் பட்டப்படிப்பு

உலகத்திலேயே மிக நீண்ட படிப்பு மருத்துவம் என்று நம்புகிறவர்கள் முட்டுக்காடு பக்கம் வந்ததில்லை. அங்கே கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டில், தட்டு கழுவும் கல்வியை ஜோயல் ஒன்பது ஆண்டுகளாகப் பயின்றுவந்தார். ஊழியர் என்றால் குறைந்தபட்சக் கூலி கொடுத்தாக வேண்டும். 'பயிலுநர்' என்றால், நிர்வாகத்தின் சட்டப் புலமைப்படி, அதில் பாதியை உதவித்தொகையாகக் கொடுத்தால் போதும். கல்வியின் அருமை தெரிந்த நிர்வாகம், எல்லோரையும் மாணவராகவே வைத்திருந்தது.

ஆண்டுதோறும் ஏப்ரலில் பயிற்சித் துவக்க விழா. குத்துவிளக்கு, ரவா கேசரி, புது மஞ்சள் பேட்ஜ். மூத்த மாணவர் என்ற முறையில் முதல் திரி ஜோயலுக்கு.

"நீ சேர்ந்தப்போ நம்ம பொண்ணு அனு எல்.கே.ஜி. இப்போ ஏழாவது முடிச்சிட்டா," என்றாள் மனைவி ரெஜினா. "நீ மட்டும் அதே கிளாஸ்ல குந்திகினு கீற. அவ எட்டாவதுக்கு ஃபீஸ் கட்ட டப்பு இல்ல. போய் வாயத் தொறந்து கேளுய்யா."

அந்த ஏப்ரலில் ஜோயல் விளக்கை ஏற்றவில்லை. எரிகிற தீக்குச்சியோடு மேனேஜர் ஜானகிராமனிடம் திரும்பினார்.

"சார், இந்த வருசமாவது கவர்மெண்ட் சொன்ன கூலியப் போட்டுக் குடுங்க."

"படிக்கிற வயசுல பணத்தாசை கூடாது ஜோயல்."

"எனக்கு நாப்பத்தொண்ணு சார். தட்டு கழுவுறதுல இன்னும் இன்னா பாக்கி கீது?"

"கண்ணாடி டம்ளர். அது அட்வான்ஸ்டு."

"அதையும் நான்தான் சார் கழுவினுகீறேன்."

நெருப்பு விரலைத் தொட்டது. குச்சி கீழே விழுந்தது. கேசரி ஆறியது. நிர்வாகம் அவசரமாகக் கூடி, பூட்டிய அறையில் ஆலோசித்து, வரலாற்று முடிவெடுத்தது: ஜோயல் தேறிவிட்டார்.

சால்வை போர்த்தினார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள். ஜோயலுக்குக் கண் கலங்கியது.

"அப்போ நாளைலேர்ந்து முழுக் கூலியா சார்?"

"படிப்பு முடிஞ்சவன் காலேஜ்லயே உக்காந்திருப்பானா? பேட்ஜைக் கழட்டிக் குடுத்துட்டுக் கிளம்பு."

மறுநாள் சான்றிதழோடு கோவளத்தில் இன்னொரு ரிசார்ட்டின் படியேறினார். அங்கே அதை மரியாதையாக எழுந்து நின்று வாசித்தார்கள்.

"ஒன்பது வருசமா? பிரமாதமான அனுபவம்," என்று ஒரு பச்சை பேட்ஜை நீட்டினார்கள். அதிலும் 'பயிலுநர்' என்றே எழுதியிருந்தது.

வீட்டில் ரெஜினா அந்த பேட்ஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீ எங்கய்யா படிச்ச? கூலி குடுக்காம வேலை வாங்குறது எப்டின்னு அவனுங்கதான் உன்ன வச்சி ஒன்பது வருசம் படிச்சானுங்க. இப்போ கோவளத்துக்காரனுக்கும் போய் பாடம் எடு."