நான்கு முறை அத்திப்பள்ளி

டிஸ்க் பெட்டியைக் காணவில்லை என்று திரை மறுபடியும் சொன்னது.

முத்துமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். பெட்டி எங்கும் போகவில்லை. பத்து கிலோமீட்டர் தள்ளி, கர்நாடக எல்லைக்கு அப்பால், கம்பெனியின் அத்திப்பள்ளி கிடங்கில்தான் இருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்பு தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தான். பச்சை விளக்குகள் மினுங்க, வெதுவெதுப்பாக இருந்தது.

ஒரே இயந்திரத்துக்குள் எட்டு கம்ப்யூட்டர்களைக் குடிவைத்து மேய்க்கும் மென்பொருள் ஒன்று ஓசூர் தொழிற்சாலைக்கு வந்திருந்தது. இங்கே மின்வெட்டு அதிகம் என்பதால், தகவல்களை அந்தப் பக்கத்துப் பெட்டியில் சேமிக்கலாம் என்றார் மேனேஜர் கௌதம். இரண்டையும் இணைத்துவிட்டால் முத்துமணி ஊருக்குப் போகலாம்.

போயே ஆக வேண்டும். ஐந்து மணிக்கு நாகரசம்பட்டியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் அவன்தான்.

"கேபிளா இருக்கும். போய் மாத்திட்டு வா," என்றார் கௌதம்.

கிளம்பும்போதே கிடங்குக் காவலாளி திம்மராயனுக்குப் போன் போட்டுவிடுவான். செக்போஸ்ட் லாரிகளுக்கிடையே பைக்கை நுழைத்துப் போய்ச் சேரும்போது கேட் திறந்திருக்கும்.

"ஆயித்தா சார்?" முடிந்ததா என்று கேட்டார் திம்மராயன்.

"எங்கண்ணா ஆகுது!"

கேபிளை மாற்றினான். ஓசூர் வந்தான். பெட்டியைக் காணவில்லை.

மூன்றாம் முறை போய்ப் பெட்டியின் முகவரியை மாற்றினான். புது முகவரி ஏற்கெனவே தொழிற்சாலை வருகைப்பதிவு இயந்திரத்துடையது. இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் நூறு பேர் விரலை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். பெட்டியை அப்போதும் காணவில்லை.

"மென்பொருளை எடுத்துட்டுத் திரும்பப் போடு," என்றார் கௌதம்.

போட்டான். எட்டு கம்ப்யூட்டர்களும் சேர்ந்து காணாமல் போயின. பில் அடிக்க முடியாமல் லாரிகள் வரிசை கட்டின. ஊருக்குப் போகும் இரண்டரை மணி பஸ் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

"நான் இங்க திரையைப் பாத்துட்டே இருக்கேன். நீ போ!" என்றார் கௌதம்.

நான்காவது முறை. விளக்குகள் எரிந்தன. பெட்டி சமர்த்தாக முனகியது. முத்துமணி அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். போன் அடித்தது. அக்கா பொற்கொடி.

"எங்கடா இருக்க?"

"கர்நாடகாவுலக்கா."

"நல்லா இருடா! நேரம் போகுதுன்னு காது குத்துற பத்தரு கத்தறாரு. சித்தப்பா மகன் வெங்கடப்பன் மடியில உக்காரவெச்சுக் குத்தியாச்சு. பாப்பா அழக்கூட இல்ல."

அதுதான் அவனுக்கு வலித்தது. கொஞ்சம் அழுதிருக்கலாம்.

திம்மராயன் டீ கொண்டுவந்தார். "கெளம்பலையா சார்?"

"எங்க போறதுண்ணா? யாரு இருக்கா எனக்கு?"

டீ ஆறியது. மறுபடி போன்.

"முத்துமணி! வந்துருச்சுப்பா! பெட்டி தெரியுது, எட்டும் தெரியுது! என்னய்யா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல சார். சும்மா உக்காந்திருக்கேன்."

திம்மராயனுக்கும் சந்தோஷம். "அப்ப தைரியமா கெளம்புங்க சார். ஆள் இல்லாத ரூம்ல கரண்டு ஓடக்கூடாதுன்னு கௌதம் சாரே ஆர்டர் போட்டிருக்காரு. எப்பவும்போல நீங்க கேட்டைத் தாண்டுனதும் ஆஃப் பண்ணிடறேன், வர்றேன்னு போன் போட்டீங்கன்னா ஆன் பண்ணி வெச்சிடறேன்."